இனிஷியலோடு முடிய வேண்டிய பெயர்

தம்பி,

அன்புள்ள என்று ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. நேற்று அந்த ஆள் என் கோடவுனுக்கு வந்துவிட்டுப் போனான். உன்னைப் பெற்றவனைத்தான் சொல்கிறேன். ஊரில் பெண்கள் மரியாதைக்காகப் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லாததற்கு மரியாதை காரணம் இல்லை. இந்தக் கடிதத்தில் எங்கேயும் அந்தப் பெயர் வராது, நீயும் தேடாதே. போனில் பேசினால் நீ "சரிம்மா, பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் பத்திரிகையில் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஷூ கம்பெனி வேலைக்கு வெளிநாடு போகிற பிள்ளைகள் இன்றைக்கு நிறையப் பேர். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும். நமக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கலாம்.

நேற்று காலை லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம். கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சிய தோல் துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்து கிடந்தன. ஷம்ஷாத் அக்காவும் நானும் கீழே உட்கார்ந்து கறுப்பு தனி, பிரவுன் தனி, பெல்ட்டுக்கு ஆகிற நீளத் துண்டு தனி என்று ரகம் பிரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவன். வெள்ளைச் சட்டை, சாயம் போட்ட தலை, கையில் ஸ்வீட் டப்பா. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஓசூரில் வேன் ஓட்டப் போகிறேன் என்று போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் வைத்துக்கொண்டவன், என்னவோ தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியவன் மாதிரி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"இன்னா மே, ஆயா ஆவப்போற. ஸ்வீட் எடு" என்றான்.

இன்னா வேலையாக வந்தாய் என்று கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை. அவனாகவே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டான். நீ போன் பண்ணினாயாம். பையன் பிறக்கப்போகிறான் என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்களாம். அவன் பெயர்தான் குழந்தைக்குக் குடும்பப் பெயர் என்று சொன்னாயாம். இதையெல்லாம் அவன் வாயிலிருந்து கேட்டேன் தம்பி. பையன் என்பதுகூட எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

"அந்த ஊர்ல ஒருத்தன் பேரை வெச்சா அழியவே அழியாதாம். பேரனுக்கு, அவன் புள்ளைக்கு, அதுக்குப் புள்ளைக்கு, எல்லாத்துக்கும் என் பேருதானாம்" என்றான். பிறகு வாசலுக்கு மேலே இருக்கிற போர்டை நிமிர்ந்து பார்த்தான். அதில் என் பெயர் எழுதியிருப்பது உனக்குத் தெரியும். "உன் பேரு நாலு மழைக்குப் பூடும். என் பேரு பூடாது."

ஷம்ஷாத் அக்காதான் துண்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அந்த ஊருக்குப் பேரு மட்டும் ஏன் தனியாப் போவுது? நீயும் கூடவே போய்டேன். இங்க எடம் அடைக்கிது." அவன் அதற்கும் சிரித்தான். அவனுக்கு எப்போதும் எதுவும் உறைக்காது. போகும்போது ஸ்வீட் டப்பாவை மூட்டை மேல் வைத்துவிட்டுப் போனான். லோடு இறக்கியவர்களிடம் அதைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு விஷயத்தைச் சுத்தமாகப் பேசிவிடலாம். உன் பெயருக்கு முன்னால் அவனுடைய எழுத்து ஒன்று நிற்கிறது. அது என்னை உறுத்தாத நாள் கிடையாது. நீ பத்தாம் வகுப்பு போனபோது, பரீட்சைக்கு முன்னால் பெயர் விவரம் சரிபார்க்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அம்மா பெயரையும் இனிஷியலாகப் போடலாம் என்று கேள்விப்பட்டு நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். நீ பள்ளிக்கூட வராந்தாவில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "பசங்க கலாய்ப்பாங்கம்மா. ஏன் மாத்தினன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?" என்றாய். நீ அழுதது எனக்குத் தாங்கவில்லை, திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்ன பெரிய விஷயம், ஒரே ஒரு எழுத்து. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு உன் பெயர்தான் இனிஷியலாக வரும். அவன் எழுத்து தானாகவே உதிர்ந்துவிடும். நம் ஊர் வழக்கத்தில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். கெட்டவன் பெயரும் பிள்ளையோடு முடிந்துபோகும், பேரனைத் தொடாது. அதை நம்பித்தான் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு பாஸ்போர்ட் வந்தது. வேலூரில் அந்த ஏஜென்ட் எதிரில் நீயும் நானும் உட்கார்ந்திருந்தோம். குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டால் விசாவில் பேஜார், டிக்கெட்டில் பேஜார், ஏர்போர்ட்டில் நிற்க வைத்துவிடுவார்கள் என்று அவர் சொன்னார். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? சாதிப் பெயரைப் போடுகிற வழக்கமும் இல்லை. எல்லோரும் அப்பா பெயரைத்தான் அங்கே போடுகிறார்கள் என்றார். அன்றைக்கு எனக்கு உன் வேலைதான் கண்ணில் இருந்தது. போட்டுத் தொலையுங்கள் என்று சொன்னது நான்தான். ஒரு கட்டத்தை நிரப்புகிறோம் என்று நினைத்தேன். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். தலைக்கு மேல் இருந்த ஓர் எழுத்து வாலில் போய் முழுப் பெயராகக் குந்திக்கொண்டது, உன் பிள்ளைக்கும் இனி உன் பெயருக்குப் பதில் அதுதான் போகும் என்று அப்போது புரியவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் வீடியோவில் வந்தாய். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. அதில் அவன் பெயர் பெரிதாக இருந்தது. நான் வைத்த பெயர் அதற்குப் பக்கத்தில் எங்கேயோ பொடியாக இருந்தது. "இங்க சூப்பர்வைசருங்க எல்லாம் என்னை அப்பா பேர் சொல்லித்தாம்மா கூப்புடுறாங்க" என்று சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். நான் தவம் கிடந்து பெற்று, ஷூ கம்பெனியில் மிஷின் முன்னால் குனிந்து குனிந்து தைத்து, பிறகு அந்த வேலையை விட்டு இந்தத் துண்டு வியாபாரத்தில் இறங்கி, படிக்க வைத்து அனுப்பிய பிள்ளையை ஒரு நாட்டில் எல்லோரும் அவன் பெயரால் கூப்பிடுகிறார்கள்.

அந்த நாட்டுக்காரர்களுக்கு இந்தக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்பதை, அந்த ஊர்க்காரரான உன் மாமனார்தான் எனக்குச் சொன்னார். ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வரவேற்புக்கு வந்தபோது நம் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கத்தரிக்காயை மூன்றாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் பெயர் மிலிட்சா சரி, அதற்குப் பின்னால் ஸ்தோயானோவிச் என்று ரயில் வண்டி மாதிரி நீளமாக வருகிறதே, அது என்ன என்று கேட்டேன். நீதான் அவர் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னாய். ஸ்தோயான் என்பது ஓர் ஆளுடைய பெயர். கடைசியில் வருகிற வாலுக்கு அவனுடைய பிள்ளை என்று அர்த்தம். முன்னொரு காலத்தில் அங்கேயும் நம்மைப் போலத்தான். ஸ்தோயானின் பிள்ளை ஸ்தோயானோவிச். அந்தப் பிள்ளையின் பெயர் பேதர் என்றால் பேரன் பெத்ரோவிச். ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயர் மாறிக்கொண்டே போகும். அப்பா முடிந்தால் அப்பா பெயரும் முடிந்தது. அப்புறம் வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் இது பெரிய தொல்லையாக இருக்கிறது என்று அரசாங்கம் உத்தரவு போட்டதாம். இனிமேல் மாற்றக் கூடாது, குடும்பத்துக்கு ஒரு பெயர், அதுவே நிரந்தரம். அந்தச் சமயத்தில் எந்த வீட்டில் எவன் தகப்பனாகவோ தாத்தாவாகவோ இருந்தானோ அவன் பெயர் அந்த வீட்டின் மேல் ஒட்டிக்கொண்டது.

நான் வியாபாரி, என் கேள்வி வேறு. "அந்த ஸ்தோயான் எப்படிப்பட்ட ஆளு? குடும்பத்தைக் காப்பாத்தினவனா, உட்டுட்டு ஓடினவனா?" என்று கேட்டேன். நீ கொஞ்சம் தயங்கித்தான் அதை அவருக்குச் சொன்னாய். அவர் சிரித்துவிட்டார். நீ சொன்னாய்: "யாருக்குமே தெரியாதாம்மா. பேரு மட்டும்தான் தெரியுமாம்."

அதோடு நிறுத்தவில்லை அவர். அவர்கள் ஊரில் பாதி வீடு ஸ்தோயானோவிச்தானாம். ஆனால் எல்லோரும் ஒரே ஸ்தோயானின் வம்சம் கிடையாது. அந்தப் பெயர் அந்தக் காலத்தில் அவ்வளவு ஜாஸ்தி. பத்து ஊரில் பத்து ஸ்தோயான் இருந்தால் பத்து குடும்பமும் ஸ்தோயானோவிச் ஆகிவிடும், ஒருவருக்கொருவர் சொந்தம் கிடையாது. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்து வருகிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பார்களாம். நில், இரு, போய்விடாதே என்று அர்த்தமாம். நம் பக்கம் குப்பன், பிச்சை என்று வைக்கிற மாதிரி என்று நான் சொன்னேன். அதை நீ அவருக்குச் சொன்னதும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு தெற்கே அவர்கள் ஊரிலிருந்து பஞ்சம் பிழைக்கவும் சண்டைக்குப் பயந்தும் வடக்கே அவர்கள் நாட்டுத் தலைநகர் பெல்கிரேடுக்கும், ஆறு தாண்டியும் போனார்களாம். பக்கத்து போஸ்னியாவில், குரோஷியாவில் எல்லாம் இருக்கிறார்கள். பல்கேரியாவில் வால் குட்டையாகி ஸ்தோயானோவ், மாசிடோனியாவில் வால் வேறாகி ஸ்தோயானோவ்ஸ்கி. ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர்கள், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினவர்கள் எல்லோரும் அந்த முகம் தெரியாத ஆளைத் தூக்கிக்கொண்டேதான் போயிருக்கிறார்கள். கடைப் பலகையில் அவன், கல்லறைக் கல்லில் அவன், கதவு மணிக்குப் பக்கத்தில் அவன். நல்லவனா கெட்டவனா என்று ஒருத்தருக்கும் தெரியாமலே.

அன்றைக்கு அதைக் கதையாகத்தான் கேட்டேன். நேற்று அவன் மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னபோதுதான் அந்த உத்தரவு நம் வீட்டுக்கு வந்திருப்பது தெரிந்தது. இதில் அரசாங்கம் எதுவும் செய்யவில்லை, நீதான் போடுகிறாய். நம் வீட்டில் எந்த ஆளிடம் வந்து பெயர் நிற்க வேண்டும் என்று இப்போது முடிவாகப்போகிறது. இனி எத்தனை தலைமுறை வந்தாலும் அந்த இடத்தில் நிற்பவன், பெற்ற பிள்ளைக்கு ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன். பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்து வேண்டும் என்று உன்னை வெளியே நிறுத்திய அன்று ஓசூரில் வேறு பிள்ளையை வண்டியில் உட்கார வைத்துக் கடைத்தெரு சுற்றியவன். உனக்கு வேலை கிடைத்த பிறகுதான் அவனுக்கு உன் போன் நம்பர் கிடைத்தது. இதையும் நீ யோசித்துப் பார்த்ததில்லை.

தோல் வேலை உனக்குத் தெரியும். சாயம் தப்பாகப் போனால் மறுபடி வேறு சாயம் ஏற்றலாம். கறை விழுந்தால் அதை ஒதுக்கி வெட்டலாம். ஆனால் சூடான பிளேட்டை வைத்து அழுத்தி அச்சு ஏற்றிவிட்டால் அது போகாது. இனிஷியல் என்பது சாயம். நீ இப்போது செய்யப்போவது அச்சு. உன் பேரன் பேத்திகள் யாராவது ஒரு நாள் எங்கள் பெயரில் இருக்கிற இந்த ஆள் யார் என்று கேட்பார்கள். தெரியாது, இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் என்று யாராவது சொல்வார்கள். அவனுக்கு அந்த இடம் கிடைக்கக் கூடாது தம்பி. ஊரைவிட்டு ஓடினவனை ஒரு வம்சத்துக்கு மூலபுருஷனாக உட்கார வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். போன மாதம் போனில் கொஞ்சம் சொன்னாய். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெயர் இருந்தால்தான் குடும்பம் மாதிரி இருக்கும் என்றாய். அப்படியானால் மிலிட்சா ஏன் கல்யாணத்துக்குப் பிறகும் ஸ்தோயானோவிச்சாகவே இருக்கிறாள்? அவள் மாற்றாதது உன் குடும்பத்தைக் கெடுத்துவிட்டதா? அப்பா வருத்தப்பட்டு அழுதார் என்றும் சொன்னாய். அவன் அழுவதில் கெட்டிக்காரன். ஓசூருக்குப் போவதற்கு முதல் நாளும் அழுதான், நான்தான் டீ போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. முன்னால் நிற்கிறவன் முகம் கோணக் கூடாது என்று அந்த நேரத்துக்கு எதையாவது ஒத்துக்கொள்வாய். அடிபடுகிறவர் முன்னால் இல்லை என்றால் உனக்குக் கவலை இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் பெயரைவிட இந்தக் குணத்தைத்தான் நீ முதலில் கழற்றிப் போட வேண்டும். பெண்டாட்டியிடமும் அப்படி இருக்காதே. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல். அவள் ஒரு நாள் கோபப்படுவாள், ஆனால் உன்னை நம்புவாள்.

அவளிடமும் நான் பேசினேன். உனக்குத் தெரியாமல்தான். நீ எனக்குத் தெரியாமல் அவனிடம் பேசலாம் என்றால் நான் என் மருமகளிடம் பேசக் கூடாதா? அவள் கற்றுக்கொண்ட தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அம்மா, இங்க புள்ளைக்கு என் குடும்பப் பேரும் வெக்கலாம். எனக்கு ரெண்டும் ஓகே. அவருக்குத்தான் அவங்க அப்பா பேர் வேணும்." அங்கே சட்டத்தில் தடையில்லை, இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் போதும் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. இதையும் நீ எனக்குச் சொல்லவில்லை. அங்கே இப்படித்தான், வேறு வழி இல்லை என்றுதான் சொன்னாய். என்னிடமே சரக்கை மாற்றிக் காட்டுகிறாய். இந்த வியாபாரத்தில் மேலே நல்ல துண்டு, அடியில் பூஞ்சை பிடித்த துண்டு வைத்துக் கட்டிய மூட்டைகளை நான் எத்தனையோ பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் உன் பெயரையே வைக்கச் சொல்கிறாயா அம்மா என்று கேட்பாய். இல்லை. என் பேரன் முதுகில் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போக எனக்கு ஆசை கிடையாது. உன் மாமனார் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். புருஷன் செத்தோ ஓடியோ போன வீட்டில், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்ணின் பெயரே குடும்பப் பெயராக நின்றதும் அங்கே உண்டாம். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படி ஒரு விதவையின் பெயரோடுதான் இருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார், நீ தட்டைப் பார்த்தாய். எனக்கு அது பெருமையாக இருந்தது, அந்த அளவு போதும். நான் உனக்காகச் செய்தது பெயருக்கு இல்லை.

என் முடிவைச் சொல்கிறேன். குழந்தைக்கு ஸ்தோயானோவிச் என்றே வை. மாமனார் வீட்டுப் பெயரா, ஊர் சிரிக்காதா என்று கேட்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன். அந்த ஸ்தோயான் யார் என்று எனக்குத் தெரியாது. குடிகாரனாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பெற்றவர்கள் இவனாவது நிற்கட்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பெயர், அவன் நின்றும் இருக்கிறான். உன் மாமனார் இதைக் கேட்கவே மாட்டார், மரியாதைப்பட்ட மனுஷன். ஆனால் அவருக்கு ஆண் வாரிசு இல்லை என்பதும், அவர் மனதில் இந்த ஆசை இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கேட்காதவருக்குக் கொடு. கேட்டு வந்து மூட்டை மேல் உட்கார்ந்தவனுக்குக் கொடுக்காதே.

பிரசவத்துக்கு வா, டிக்கெட் போடுகிறேன் என்றாய். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. குழந்தையின் பெயரைப் பதிவு செய்ததும் முதலில் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பு. குழந்தையின் படத்தை அதற்குப் பிறகு அனுப்பு. பெயரைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பேன். அதில் அவன் பெயர் இருந்தால் படம் அனுப்பாதே, டிக்கெட்டும் போடாதே. என் பேரன் யார் ஜாடை, கண் எப்படி, மூக்கு எப்படி என்று தெரியாமலே நான் இங்கே தோல் பிரித்துக்கொண்டிருப்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் இருப்பேன். நான் ஒரு விலை சொன்னால் அதிலிருந்து இறங்க மாட்டேன் என்பது இந்த பஜாருக்கே தெரியும்.

உன் அம்மா